விசாவில் இருக்கிற தேதி வேறு, திரும்பிப் போக வேண்டிய தேதி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். 2013ல் முதல் முறையாக ஷார்ஜாவுக்கு ஏசி ஹெல்பராகப் போய், அங்கேயே வேலை கற்று டெக்னீஷியன் ஆகி, 11 வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவன். இப்போதும் அமீரகத்தில்தான் வேலை, ஆனால் கம்பெனி வேறு, சம்பளமும் வேறு. அது எப்படி ஆனது என்று இத்தனை நாள் நான்கைந்து பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் கேட்ட கேள்வியால் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அவன் சவூதியில் டிரைவர், என்னைப் போலவே இப்போது லீவில் வந்திருக்கிறான். கடைத்தெருவில் பார்த்தபோது, "அண்ணே, இக்காமா அடுத்த வருசம் வரைக்கும் இருக்கு, தங்கச்சி கல்யாணத்த முடிச்சிட்டு மெதுவாப் போகலாம்ல?" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உன் எக்ஸிட் ரீ-என்ட்ரி பேப்பரைக் காட்டு என்றேன். அது எதற்கு, ஊருக்கு வரத்தானே அது, வந்தாச்சே என்கிறான். போனில் தேடி எடுத்துப் பார்த்தால் 90 நாள் கொடுத்திருக்கிறார்கள், 81 நாள் ஓடிவிட்டது. இக்காமா என்பது அங்கே தங்குவதற்கான அட்டை, இந்தப் பேப்பர்தான் திரும்ப உள்ளே போவதற்கான சீட்டு, இது முடிந்துவிட்டால் இக்காமாவில் பத்து மாதம் பாக்கி இருந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். 2024ல் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். அந்த வருடம் மார்ச் முதல் வாரத்தில் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மார்ச் 9ஆம் தேதி ராத்திரி விமானத்தில் கிளம்பி வந்தேன். 60 நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். தஞ்சாவூரில் ஆபரேஷன் ஆகி, வீட்டுக்குக் கூட்டி வந்து, கொஞ்சம் உட்கார ஆரம்பித்த நேரத்தில் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, ஜூனில் இரண்டாவது தடவை தியேட்டருக்குள் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. நான் ஒரே பிள்ளை. அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கவும் பாத்ரூமுக்குக் கொண்டுபோகவும் அம்மாவால் ஆகாது. ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். அவர் நல்ல மனுஷர், "அப்பாவப் பாரு, இங்க நான் பாத்துக்கறேன், மெதுவா வா" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அது போதும் என்று இருந்துவிட்டேன். அந்த வாய்ஸ் மெசேஜ் ஆபீஸ் ஃபைலில் ஏறாது, ஃபைலைப் பொறுத்தவரை என் லீவு மே மாதமே முடிந்துவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும், அமீரகத்தை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா போய்விடும் என்று. இது அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் நானும் கணக்குப் போட்டேன். மார்ச் 9ல் வந்தேன், செப்டம்பர் 9 வந்தால்தானே ஆறு மாதம், அதற்கு ஒரு நாள் முன்னால் போய்விடலாம் என்று செப்டம்பர் 8க்கு டிக்கெட் போட்டேன். உண்மையில் 4ஆம் தேதி டிக்கெட்டும் இருந்தது, விலையும் குறைவு. ஏழாம் தேதி விநாயகர் சதுர்த்தி, இத்தனை வருடத்தில் ஒரு சதுர்த்திக்குக்கூட நீ வீட்டில் இல்லை, கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா சொன்னார். அப்பாவும் அப்போதுதான் வாக்கர் பிடித்துத் திண்ணை வரை நடக்க ஆரம்பித்திருந்தார். சரி, நாலு நாள்தானே என்று இருந்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் என் எமிரேட்ஸ் ஐடியை, அதாவது அமீரகத்தில் தங்குகிறவருக்குக் கொடுக்கிற அட்டையை, வாங்கிக் கம்ப்யூட்டரில் அடித்தார், மறுபடி அடித்தார், பக்கத்து கவுன்டரில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "சார், நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "183 நாள் ஆகுது சார், 180தான் கணக்கு" என்றார்.

அங்கே ஆறு மாதம் என்பது 180 நாள். நாம் போடுகிற மாதக் கணக்கில் 31 நாள் மாதங்கள் நடுவில் விழுந்துவிடும். மார்ச், மே, ஜூலை, ஆகஸ்ட், நான்கு மாதத்துக்கும் சேர்த்து நான்கு நாள் அதிகம். மார்ச் 9லிருந்து 180வது நாள் செப்டம்பர் 5. நான் மூன்று நாள் பிந்தியிருந்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவர் ரொம்பப் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். நான்தான் என் அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, அக்டோபர் 14 வரை தேதி இருக்கு பாருங்கம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே காருக்குள் அப்பா இருந்தார். வழியனுப்ப வருவேன் என்று அடம்பிடித்து வந்தவர், பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு நான் திரும்பி வருவதைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "என்னாலயா?" என்றுதான். அதற்கு மேல் அந்த ராத்திரியைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அன்றோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அமீரகத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், 180 நாள் தாண்டினவர் வெளிநாட்டில் இருந்தபடியே ரீ-என்ட்ரி பர்மிட் கேட்கலாம். தாண்டினதற்குக் காரணமும் ஆதாரமும் காட்ட வேண்டும், பிந்தின ஒவ்வொரு 30 நாளுக்கும் அல்லது அதில் ஒரு பகுதிக்கும் 100 திர்ஹம் அபராதம், அனுமதி வந்த 30 நாளுக்குள் உள்ளே போய்விட வேண்டும். துபாய் விசாவுக்கு ஒரு அலுவலகம், ஷார்ஜா போன்ற மற்ற எமிரேட் விசாக்களுக்கு இன்னொன்று. மூன்று நாளுக்கு 100 திர்ஹம், கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று எனக்கு உயிர் வந்தது.

அதிலும் ஒரு கணக்கு இருந்தது. விண்ணப்பிக்கும்போது விசாவில் குறைந்தது 30 நாளாவது பாக்கி இருக்க வேண்டும். என் விசா அக்டோபர் 14ல் முடிகிறது. அதாவது செப்டம்பர் 14க்குள் போட்டிருந்தால் உண்டு. என் கையில் இருந்தது ஆறு நாள். எனக்கு அது தெரியாது. கம்பெனி மந்தூப்பிடம், அதாவது விசா வேலைகளைப் பார்க்கிற ஆளிடம், பேசினேன், கம்பெனி லெட்டர் வேண்டும், மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இங்கே ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்க ஓடினேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்பா பெயரை ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள், என் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் வேறு ஸ்பெல்லிங், அதைத் திருத்தி வாங்க இரண்டு நாள். கம்பெனி லெட்டர் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது செப்டம்பர் 19. அன்றைக்கு விசாவில் பாக்கி 25 நாள். முடிந்தது.

கம்பெனி என்னை லீவு முடிந்தும் திரும்பாதவன் என்று எழுதிக் கணக்கை முடித்தது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வராதவரை நோட்டீஸ் இல்லாமலே நீக்கலாம். என் காரணம் தகுந்த காரணம்தான், ஆனால் அதை நான் எழுத்தில் கொடுத்திருக்கவில்லை. அதே சட்டத்தில்தான் சர்வீஸ் பணமும் இருக்கிறது, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருடம் 30 நாள், வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அது வந்து சேர நான்கு மாதம் ஆனது. அதற்குள் அப்பாவின் இரண்டாவது ஆபரேஷனுக்கு வைத்த நகை ஏலத்துக்குப் போய்விட்டது. புது விசாவுக்கு ஏஜென்டிடம் 85,000 ரூபாய் கொடுத்தேன், நம் நாட்டு விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. பழைய கம்பெனியில் 2,300 திர்ஹம் வாங்கினவன் புதுக் கம்பெனியில் 1,500க்குப் போய் நின்றேன். மூன்று நாள் பிசகினதற்கு இத்தனையும்.

ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. 11 வருடத்தில் ஆறு தடவை ஊருக்கு வந்து போனவன். புதிதாகப் போகிற பையன்களுக்கு நான்தான் யோசனை சொல்வேன். அங்கேதான் பிரச்சினையே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். முதல் தடவை போகிறவனுக்கு மத்திய அரசு புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி நடத்துகிறது, ஏஜென்ட் நாலு வார்த்தை சொல்கிறான், சொந்தக்காரர்கள் எல்லாரும் பேப்பரை வாங்கிப் பார்க்கிறார்கள். லீவு முடிந்து திரும்பிப் போகிறவனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. இவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று அரசாங்கமும் நினைக்கிறது, வீடும் நினைக்கிறது, அவனும் நினைக்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவன் முதலில் போன காலத்துச் சட்டம். நடுவில் எத்தனையோ மாறிவிட்டது.

உதாரணத்துக்கு, முன்பெல்லாம் அமீரக விசா பாஸ்போர்ட்டில் பக்கம் முழுக்க ஒட்டியிருக்கும், எடுத்துப் பார்த்தால் கண்ணில் படும். 2022 ஏப்ரலில் இருந்து அந்த ஸ்டிக்கர் இல்லை, எமிரேட்ஸ் ஐடி அட்டைதான் எல்லாம். அட்டையில் முடிகிற தேதி மட்டும் இருக்கிறது, 180 நாள் கணக்கு அதில் எழுதியிருக்காது. உங்கள் விசா உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது அவர்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, உங்கள் சட்டைப் பையில் இல்லை.

கொரோனா காலம் இன்னொரு குழப்பத்தை உண்டாக்கிவிட்டுப் போய்விட்டது. 2020 மார்ச்சில் எல்லாம் அடைத்த பிறகு ஊரில் மாட்டினவர்கள் ஏராளம். எங்கள் ஊரில் மட்டும் பதினைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். அப்போது அமீரகம் ஆறு மாதம் தாண்டினவர்களையும் உள்ளே விட்டது, சவூதி இக்காமாவையும் ரீ-என்ட்ரியையும் காசு வாங்காமலே நீட்டிக் கொடுத்தது. சவூதிக்கு நேர் விமானம் 2021 டிசம்பர் வரை இல்லை, மாலத்தீவு, நேபாளம் என்று எங்கெங்கோ போய் 14 நாள் ஹோட்டலில் கிடந்து போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. கஷ்டமான காலம், அதற்காகக் கொடுத்த சலுகை. அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் டீக்கடையில் இன்னும் முடியவில்லை. "ஆறு மாசம்னு சும்மா சொல்லுவானுங்க, நான் ஒம்பது மாசம் கழிச்சுப் போகலையா" என்று ஒருவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் போனது 2020 டிசம்பரில். கேட்கிற பையனுக்கு அது தெரியாது.

அப்புறம் ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேறு வேறு. அமீரகம், குவைத், கத்தார், ஓமன் எல்லாம் பொதுவாக ஆறு மாதக் கணக்கு. சவூதியில் ஆறு மாதம் என்ற பேச்சே இல்லை, உங்களுக்கு எழுதிக் கொடுத்த எக்ஸிட் ரீ-என்ட்ரியில் எத்தனை நாளோ அத்தனை நாள்தான். இரண்டு மாதத்துக்கு 200 ரியால், அதற்கு மேல் மாதம் 100 ரியால் என்று கட்டணம், அதனால் கபில், அதாவது விசா கொடுத்த முதலாளி, குறைவாகத்தான் போடுவார். அதிலும் இரண்டு விதம் இருப்பது பலருக்குத் தெரியாது. 60, 90, 120 என்று நாள் கணக்கில் போட்டிருந்தால் நீங்கள் விமானம் ஏறின நாளில் இருந்து எண்ணுவார்கள். இந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று போட்டிருந்தால் அது பேப்பர் அடித்த நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் பத்து நாள் கழித்துக் கிளம்பினாலும் அந்தப் பத்து நாள் போனது போனதுதான். திரும்பாமல் போனவர்களுக்கு வேறு கபிலிடம் போக முன்பு 3 வருடத் தடை இருந்தது, 2024 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தடை இல்லாவிட்டாலும் பழைய வேலை போனது போனதுதான், புது விசா, புது மெடிக்கல், புது ஏஜென்ட் என்று மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

சவூதியில் ஒரு நல்லது என்னவென்றால், ஆள் ஊரில் இருக்கும்போதே கபில் அப்ஷர் என்கிற சவூதி அரசின் ஆன்லைன் சேவையில் உள்ள தன் கணக்கில் இருந்து அந்தத் தேதியை நீட்டிக் கொடுக்கலாம், இக்காமாவுக்கு உயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தேதி முடிவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கேட்பதற்கு அப்படி ஒரு தேதி இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

குவைத்தில் 2025 ஜூலை 1 முதல் தனியார் கம்பெனி விசாவில் இருப்பவர் நாட்டை விட்டுக் கிளம்பவே முதலாளியிடம் ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே இருக்கிற என் மச்சானிடம் கேட்டேன், கிளம்புகிற அனுமதிக்காக எல்லாரும் அலைகிறார்களாம், சாஹெல் என்கிற குவைத் அரசின் ஆப்பை நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்க்கிறார்களாம், எப்போதுக்குள் திரும்ப வேண்டும் என்று எத்தனை பேர் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நம் மனது அப்படித்தான். ஊர் ஞாபகம் வந்துவிட்டால் போகிற தேதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

பாஸ்போர்ட் விஷயமும் சொல்ல வேண்டும். லீவில் வந்த இடத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பவர்கள் பலர், இங்கே சுலபம் என்று. புது பாஸ்போர்ட் வந்ததும் பழையதைப் பீரோவுக்குள் போட்டுவிட்டுப் புதியதை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே கம்ப்யூட்டரில் இருப்பது பழைய நம்பர். இரண்டையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும், முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே கம்பெனிக்குப் புது நம்பரை அனுப்பி ஏற்றச் சொல்ல வேண்டும். இன்னொன்று, நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட்டுகள் நம்மிடம் நிறைய. 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை அமீரகம் நிறுத்திய பிறகு, புதுப்பிக்கும்போது அப்பா பெயரைச் சேர்த்துப் பிரித்து எழுதிக்கொள்கிறார்கள். நல்லதுதான், ஆனால் ஐடியில் பழைய பெயர், பாஸ்போர்ட்டில் புதுப் பெயர் என்று ஆகிவிட்டால் அதை அங்கே மாற்றிக்கொள்ளும் வரை நிம்மதி இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன், அதனால் என்னுடையது இசிஆர் பாஸ்போர்ட், வளைகுடா வேலைக்குப் போக நம் அரசின் அனுமதி வாங்க வேண்டிய வகை. முதல் தடவை போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று ஒன்று போட்டார்கள். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய், பிரீமியம் இப்போது 2 வருடத்துக்கு 275, 3 வருடத்துக்கு 375, வரி தனி. எனக்கு அது முடிந்து எத்தனை வருடம் ஆனது என்றே தெரியாமல் பத்தாவது மாடி வெளிச்சுவரில் தொங்கி ஏசி மாட்டியிருக்கிறேன். ஆன்லைனில் புதுப்பிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. லீவில் வருகிறவர்கள் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் நல்லது.

இப்போது நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கேரளாவில் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான நோர்கா துறை 1996லேயே வந்துவிட்டது, நமக்குத் தாமதமாக வந்தாலும் வந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர்கள் பெரிய பெரிய வேலைகள் செய்கிறார்கள், உடலைக் கொண்டு வருவது, மாட்டிக்கொண்டவர்களை மீட்பது எல்லாம் சாதாரணக் காரியம் இல்லை. நான் கேட்பது அதைவிட ரொம்பச் சின்னது. சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் விமான நிலையங்களில் வளைகுடா விமானத்தில் வந்து இறங்குகிறவர் கையில் ஒரு துண்டுக் காகிதம். தமிழில். நீங்கள் வந்த தேதி இது, அமீரகமாக இருந்தால் 180வது நாள் எது என்று எண்ணிக்கொள்ளுங்கள், சவூதியாக இருந்தால் உங்கள் ரீ-என்ட்ரி பேப்பரை எடுத்துத் தேதியைப் பாருங்கள், லீவு நீட்டித்தால் எழுத்தில் வாங்குங்கள், பாஸ்போர்ட் மாற்றினால் இரண்டையும் கொண்டு போங்கள். இவ்வளவுதான். பெட்டி வருவதற்காக அரைமணி நேரம் நிற்கிறோமே, அந்த நேரத்தில் படித்துவிடுவோம். அது கஷ்டம் என்றால் அந்தப் பெல்ட் பக்கத்தில் ஒரு போர்டாவது வைக்கலாம்.

பத்திரிகையும் இதில் ஏதாவது செய்ய வேண்டும். பவுன் விலையை நீங்கள் தினமும் போடுகிறீர்கள், அணை நீர்மட்டம் போடுகிறீர்கள், எங்கள் வீட்டில் அப்பா முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பதிப்புகளிலாவது வாரம் ஒரு நாள் நான்கு வரி, வளைகுடாவில் என்ன விதி மாறியிருக்கிறது, திரும்பிப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று போட்டால், எங்கள் ஜில்லாக்களில் அதை வெட்டி வைத்துக்கொள்ளாத வீடு இருக்காது. இப்போது எங்களுக்குக் கிடைப்பது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் செய்திதான். அது 2021ல் எழுதியதா நேற்று எழுதியதா என்றுகூடத் தெரியாது.

கம்பெனிக்காரர்களிடம் கேட்க எனக்கு வழி இல்லை. ஆனால் லீவில் வரும் தம்பிகளிடம் கேட்கலாம். ஃபோர்மேன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "மெதுவா வா" என்று சொன்னால், அண்ணே அத ஆபீஸ்ல சொல்லி ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்க என்று கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்போது கூச்சமாக இருந்தது, அப்பா படுத்திருக்கும்போது நமக்கு இரக்கம் காட்டுகிறவரிடம் போய்ப் பேப்பர் கேட்பதா என்று. அந்த மனுஷர் பிறகு எனக்காக மேனேஜரிடம் சண்டை போட்டார், என் பக்கம் காகிதம் எதுவும் இல்லாததால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் போன் பண்ணினால் அவர் குரலில் அந்தச் சங்கடம் தெரிகிறது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். அம்மாமார்கள், மனைவிமார்கள் இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்று சொல்வது பாசத்தால்தான், அது சொல்லாவிட்டால்தான் வருத்தம். என் அம்மா இன்றுவரை அந்தச் சதுர்த்தியை நினைத்து நினைத்து மருகுகிறார், அதற்கு அடுத்த வருடம் கொழுக்கட்டை செய்யவே இல்லை. நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அம்மா, நீ சொன்னது தப்பில்லை, எனக்கு 180வது நாள் எது என்று தெரிந்திருந்தால் மார்ச்சிலேயே காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருப்பேன், நீயும் அதற்குள் போகச் சொல்லியிருப்பாய் என்று. இந்த முறை வந்தவுடனே அதைத்தான் செய்தேன். எனக்கு லீவு 45 நாள்தான், 180 எங்கேயோ இருக்கிறது. இருந்தாலும் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், அப்பா தினமும் அந்த வட்டத்தைப் பார்க்கிறார்.

எங்கள் தெருத் தம்பி விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்றைக்கே சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்துக் கபிலுக்குப் போன் போடச் சொன்னேன். முதல் நாள் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் எடுத்து, தங்கை கல்யாணம் என்றதும் வாழ்த்துச் சொல்லி, ஒரு மாதம் நீட்டி விடுகிறேன், கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றார். சொன்னது போதாது, நீட்டின பேப்பரை அனுப்பச் சொல்லு என்று நானும் விடவில்லை. நேற்று மத்தியானம் வந்துவிட்டது, இரண்டு பேரும் தேதியை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அடுத்த வியாழக்கிழமை ரியாத்துக்கு டிக்கெட். பாஸ்போர்ட்டைப் போன மாதம்தான் புதுப்பித்தானாம், பழையதைத் தேடச் சொல்லியிருக்கிறேன், அவன் அம்மா கல்யாணப் புடவைப் பெட்டிக்கு அடியில் வைத்த ஞாபகம் என்கிறார்.

இப்படிக்கு,
பேராவூரணி வட்டார வாசகர் ஒருவர்
(அங்கே இன்னும் வேலையில் இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்)